பழைய ஃபோக் ரொக் பாடலொன்றை வீட்டிலேயே கவர் செய்து ஒலிப்பதிவு செய்தல்: தொடர்மாடி அறைக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு அகூஸ்டிக் கிற்றார், ஒரு முதன்மைக் குரல், ஒரு துணைக்குரல், அடியில் பேஸ், கொஞ்சம் கைத்தாளம். நாட்டார் இசையும் ரொக்கும் கலந்த 1960களின் ஃபோக் ரொக் பாடல்களில் பெரும்பாலானவற்றை இவ்வளவைக் கொண்டே கவர் செய்துவிடலாம், அதாவது நம் குரலில் மறுபடி பாடிப் பதிந்துவிடலாம். கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எனது அறைக்குப் பதிவுக்காக வந்துபோன இளையவர்களைக் கவனித்ததில், அவர்கள் இடறியது அநேகமாக எப்போதும் ஒரே காரணத்தால்தான்: பதிவுப் பொத்தானை அழுத்துமுன் தீர்மானிக்க வேண்டியவற்றை அழுத்திய பிறகு தீர்மானிக்கப் பார்த்தார்கள். ஆகவே கீழுள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிற்றாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், கை நீட்டக்கூடிய மைக் ஸ்டாண்ட், காதை முழுமையாக மூடும் ஹெட்போன், பொப் ஃபில்டர் (‘ப’ போன்ற ஒலிகளின் காற்றுவீச்சு மைக்கில் மோதாமல் தடுக்கும் மறைப்பு), கேப்போ (கிற்றாரின் கழுத்தில் பூட்டிச் சுருதியை உயர்த்தும் கவ்வி), கிளிப் டியூனர், மடிக்கணினி ஆகியன போதும். பொப் ஃபில்டர் இல்லையென்றால், வளைத்த கம்பி வளையத்தில் பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டினாலும் அதே வேலையைச் செய்யும்.

மைக் வாங்கும்போதுதான் முதல் தவறு நடக்கிறது. விலை கூடிய கண்டென்சர் மைக் நல்லதென்று கேள்விப்பட்டு வாங்கிவிடுகிறார்கள். கண்டென்சர் நுண்ணுணர்வு கூடியது. உங்கள் குரலை எவ்வளவு துல்லியமாக எடுக்கிறதோ, காலி வீதிப் பேருந்தின் ஹோர்னையும் அதே துல்லியத்தோடு எடுக்கும். ஒலியடக்கம் செய்யப்படாத அறையில், வாய்க்கு அருகே வைத்துப் பாடக்கூடிய ஷூர் எஸ்.எம்.58 வகை டைனமிக் மைக்கே பாதுகாப்பானது. கண்டென்சர் ஏற்கெனவே கையில் இருந்தால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்தை இயக்க மறக்க வேண்டாம். அதை மறந்துவிட்டு மைக் பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை நான் அறிவேன். யூ.எஸ்.பி. மைக்கைப் பாடலுக்காகப் புதிதாக வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. நாளைக்குக் கிற்றாரையும் பேஸையும் நேரடியாகச் செருக வேண்டிவந்தால் அதில் வழியில்லை.

மென்பொருளுக்குச் செலவு அவசியமில்லை. ஓடாசிட்டி இலவசம், அப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம், ரீப்பரை 60 நாட்கள் முழு வசதிகளோடும் பரீட்சித்துப் பார்க்கலாம். பல ட்ராக்குகளோடு (தனித்தனியாகப் பதிந்த ஒலித்தடங்களோடு) வேலை செய்வதற்கு நான் ரீப்பரையே விரும்புகிறேன்.

2. சுருதியை உங்கள் குரலுக்கு ஏற்பத் தீர்மானித்தல்

மூலப் பதிவு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதிலேயே பாட வேண்டுமென்று எவரும் சட்டம் போடவில்லை. இருந்தும் இணையத்தில் கிடைக்கும் கோர்ட் தாளில் கேப்போ ஆறாவது ஃபிரெட்டில் என்று எழுதியிருந்தால், புதியவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மூன்றாவது சரணத்தில் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

பாடலின் உச்ச வரியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது கடைசிச் சரணத்தில் இருக்கும். அந்த வரியை மட்டும் அடுத்தடுத்து மூன்று முறை முழுக் குரலில் பாடுங்கள். மூன்றாவது முறை தொண்டை இறுகினால் கேப்போவை ஒரு ஃபிரெட் இறக்கி மறுபடி பாடுங்கள். ஏ மைனர் வடிவத்தைக் கேப்போ ஆறில் வாசித்தால் ஈ ஃபிளாட் மைனர் வரும். அதையே மூன்றுக்கு இறக்கினால் சி மைனர். விரல்கள் மாறுவதில்லை, குரல் மட்டும் மூன்று அரைச்சுரங்கள் இளைப்பாறுகிறது. பின்னர் மிகத் தாழ்ந்த வரியையும் இதேபோல் பாடிப் பாருங்கள்; தாழ்ந்த சுரத்தில் சொற்கள் மூச்சாகக் கரைந்தால் மைக் அதைக் காப்பாற்றாது. பாட ஆரம்பித்த உடனே இதைச் சோதிக்காமல் ஒரு மணிநேரம் பாடிய பின் சோதிப்பது நல்லது, ஏனென்றால் பதிவின்போது ஐந்தாவது டேக் (பதிவு முயற்சி) பாடும் தொண்டை அப்படித்தான் இருக்கும்.

பழைய பதிவுகள் சில, நாடாவின் வேக வேறுபாட்டால், இரண்டு சுருதிகளுக்கு இடையில் நிற்பதுண்டு. ஆகவே கிற்றாரைப் பதிவோடு ஒத்திசைத்துச் சுருதி கூட்டாமல், 440 ஹேர்ட்ஸ் அளவில் வைத்த டியூனரோடு கூட்டுங்கள்.

3. பாடலின் வரைபடமும் வேகமும்

ஒரு தாளில் முன்னிசை, சரணங்கள், இடையிசை, முடிவு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பார் (தாளச் சுற்று) என்று எண்ணுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் பிறகு மிகவும் வருந்துகிறார்கள். தனியாகக் கிற்றாரோடு உட்கார்ந்து எழுதப்பட்ட பாடல்களில், வரியின் முடிவில் மூச்சு விடுவதற்காக இரண்டு அடிகள் கூடுவதும், சரணத்துக்குச் சரணம் அது மாறுவதும் சகஜம். நான்கு நான்காக ஓடும் கிளிக்கின் (ஹெட்போனில் தாளம் தட்டும் ஒலியின்) மீது அதை வாசித்தால், இரண்டாம் சரணத்திலிருந்து முதல் அடி மூன்றாம் அடியில் விழத் தொடங்கும். இரண்டு அடி கூடும் இடத்தைத் தாளில் குறித்து, மென்பொருளிலும் அந்த இடத்தில் ஓர் இரண்டடி பாரைச் செருகிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

வேகத்தை அறிய, மூலப் பாடலின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலும் தட்டி அளந்து பாருங்கள். அக்காலப் பதிவுகள் பெரும்பாலும் கிளிக் இன்றியே வாசிக்கப்பட்டவை என்பதால் மூன்று எண்களும் ஒத்துவராது. நிமிடத்துக்கு 104 அடிகளில் தொடங்கிய பாடல் 109இல் முடியலாம். சராசரியை எடுக்காதீர்கள். சொற்கள் மிக நெருக்கமாக விழும் வரியை எடுத்து, எந்த வேகத்தில் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிக்க முடிகிறதோ அதையே தெரிவு செய்யுங்கள்.

4. அறையும் நேரமும்

நம்முடைய தொடர்மாடி அறைகளில் தரை டைல்ஸ், சுவர் கொங்கிரீட், யன்னல் கண்ணாடி. அறை நடுவே நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டலின் வாலில் உலோகத்தனமான அதிர்வு கேட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி எகிறி விளையாடுகிறதென்று பொருள். இந்த எதிரொலி குரலோடு கலந்து பதிந்துவிட்டால் மிக்சிங்கில் (பதிந்தவற்றைக் கலந்து சமப்படுத்தும் கட்டத்தில்) அதைப் பிரித்தெடுக்க முடியாது.

மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து வையுங்கள். சேலைகள் தொங்கும் அலுமாரியின் கதவுகளைத் திறந்து விடுங்கள். தரையில் பாயும் அதன்மேல் தடித்த போர்வையும் விரியுங்கள். முட்டை அட்டைகளை ஒட்ட வேண்டாம். மெல்லிய கடதாசிக்கூழ் குரலின் அடிப்பகுதியை உறிஞ்சுவதில்லை, கரப்பான் பூச்சிதான் குடிவரும். மெத்தை மைக்கின் பின்புறம் அல்ல, பாடுபவரின் முதுகுப்புறம் இருக்க வேண்டும். கார்டியோயிட் மைக் தன் முன்புறத்தைத்தான் கேட்கிறது. அதன் பார்வையில் உங்கள் தலைக்குப் பின்னால் உள்ள சுவரே எதிரொலியை அனுப்புகிறது.

மின்விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்தியே ஆக வேண்டும். கொழும்பின் புழுக்கத்தில் மூடிய அறையில் இருபது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. எனவே இருபது நிமிடம் பதிவு, பத்து நிமிடம் விசிறி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். விசிறிக் காற்றில் கிற்றாரின் சுருதி நகர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு இடைவேளைக்குப் பின்னும் மறுபடி சுருதி கூட்டுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரவு பத்து மணிக்குப் பின்பே நான் குரல் பதிவு செய்கிறேன். கரையோர ரயிலும் காகங்களும் அடங்கிய நேரம் அது. மாலையில் பதிவு செய்யத் துணிந்த ஒரு நாள், மிகச் சிறப்பாக அமைந்த டேக்கின் இறுதிச் சரணத்தில், இசை ஒலிக்கவிட்டபடி தெருவில் பாண் விற்கும் ஓட்டோ வந்து சேர்ந்தது. அது ஒலிக்கவிடும் பீத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ ஏ மைனர். நாங்கள் வாசித்ததும் ஏ மைனர். முதல் முறை திருப்பிக் கேட்டபோது யாரோ தூரத்தில் கீபோர்ட் வாசிப்பதுபோல் அழகாகவே இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் எல்லோரும் தலையில் கை வைத்தோம்.

5. கணினி அமைப்பு

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். இந்த அளவில் மூன்று நிமிட மொனோ (ஒற்றை வழி) ட்ராக் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும். வட்டில் இடமில்லை என்ற கவலை வேண்டாம். உச்ச அளவு மீட்டரில் கழித்தல் 12க்கும் கழித்தல் 6க்கும் இடைப்பட்ட டெசிபெலில் நிற்கும்படி கெயினை (உள்ளீட்டு ஒலியின் பெருக்கத்தை) இன்டர்ஃபேஸில் திருப்புங்கள். பரீட்சைக்கு மெல்ல முணுமுணுத்துவிட்டு உண்மை டேக்கில் கத்துவது வழமை என்பதால், உச்ச வரியைப் பாடியே கெயினை வையுங்கள். சிவப்புக்குப் போய்ச் சிதைந்த ஒலியைத் திருத்துவது கடினம். குறைவாகப் பதிந்ததை உயர்த்துவது எளிது.

பஃபர் அளவை (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவை) பதிவின்போது 128 சாம்பிளாக வையுங்கள். 48 கிலோஹேர்ட்ஸில் அது மூன்று மில்லி செக்கனுக்கும் குறைவு. 1024இல் வைத்தால் 21 மில்லி செக்கனைத் தாண்டி, உங்கள் குரல் ஹெட்போனில் பிந்தி வரும். இன்டர்ஃபேஸில், குரலைக் கணினியைச் சுற்றாமல் ஹெட்போனுக்கு அனுப்பும் நேரடிக் கண்காணிப்புப் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அப்போது மென்பொருளின் கண்காணிப்பை அணைத்துவிட வேண்டும். இரண்டும் இயங்கினால் குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்கும், நீங்களோ மைக்கைக் குறை சொல்வீர்கள்.

தொடர்ச்சியான இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர்தான்; பற்றரியிலேயே பதிவு செய்யுங்கள், மின்வெட்டு வந்தாலும் டேக் தப்பும். மூன்று முள் பிளக்கை இரண்டு துளை அடப்டரில் செருகி பூமி இணைப்பைத் துண்டிப்பது நம் வீடுகளில் பரவலான பழக்கம். இரைச்சலுக்கு அதுவும் ஒரு காரணம், உயிராபத்தும்கூட.

6. வழிகாட்டி ட்ராக்

இனி முதல் பதிவு. கிளிக்கைக் கேட்டபடி, கிற்றாரும் குரலும் சேர்த்து, பாடல் முழுவதையும் ஒரே மூச்சில் பாடிப் பதியுங்கள். இது இறுதிப் பாடலில் இடம்பெறாது. பிழைகள் இருக்கலாம், தாளம் மட்டும் பிசகக் கூடாது.

இதன் தேவை கேள்விக்குரியதாகத் தோன்றலாம். வெறும் கிளிக்கின் மீது கிற்றாரை மட்டும் வாசித்தால் எந்தச் சரணத்தில் நிற்கிறோம் என்பதே மறந்துவிடும். அதைவிட முக்கியமாக, குரல் எங்கே அழுத்துகிறது, எங்கே ஓய்கிறது என்பது தெரியாமல் கை ஒரே பலத்தில் ஸ்ட்ரம் செய்துகொண்டே போகும். கிளிக் இன்றிப் பதிந்துவிட்டுப் பிறகு பேஸும் தாளமும் சேர்க்கலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு தகவல்: அமெரிக்க இரட்டையர் சைமன் அன்ட் கார்ஃபங்கலின் ‘தி சவுண்ட் ஒஃப் சைலன்ஸ்’ பாடல் 1964இல் கிற்றாரும் குரல்களுமாகப் பதியப்பட்டு, 1965இல் அதன்மேல் மின்கிற்றாரும் பேஸும் ட்ரம்ஸும் சேர்க்கப்பட்டது. அசையும் வேகத்தைத் துரத்தி வாசிக்க நியூயோர்க்கின் தொழில்முறைக் கலைஞர்கள் இருந்தார்கள். நம்மிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும் நண்பர் ஒருவர்.

7. கிற்றார்

கம்பிகளைப் பதிவுக்கு இரண்டு நாட்கள் முன்பே மாற்றுங்கள். அன்றே மாற்றினால் இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கும். ஒரு மாதப் பழைய கம்பியென்றால் கடற்காற்றில் துருப்பிடித்து ஒலி மந்தமாகியிருக்கும். கேப்போ கம்பிகளைச் சற்று இழுப்பதால், அதைப் பூட்டிய பிறகே சுருதி கூட்ட வேண்டும். கைக்கடிகாரம், காப்பு, சட்டைப் பொத்தான் ஆகியவை மரத்தில் உரசும் ஒலி மைக்கில் மிகத் தெளிவாக விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மைக்கை எங்கே வைப்பது என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். என்னிடம் வந்த தம்பி ஒருவர் மைக்கை ஒலித்துளைக்கு நேரே நிறுத்திவிட்டு, “சத்தம் வாறது இந்த ஓட்டைக்குள்ளாலதானே அண்ணா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அங்கே வைத்து அரை நிமிடம், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, கழுத்தும் உடலும் சேருமிடத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்து அரை நிமிடம் பதிந்து, இரண்டையும் ஹெட்போனில் கொடுத்தேன். முதலாவதில் ஒவ்வொரு ஸ்ட்ரம்முக்கும் ‘பூம்’ என்று பானைக்குள் ஊதியதுபோல் அடியொலி பொங்கியது. இரண்டாவதில் பிக் கம்பியைத் தொடுவதும், விரல் நகர்வதும், மரத்தின் ஒலியும் தனித்தனியே கேட்டன. “இது வேற கிற்றார் மாதிரிக் கிடக்கு” என்றார். கிற்றாரின் உடலுக்குள் உள்ள காற்று சுமார் 100 ஹேர்ட்ஸில் அதிர்ந்து அந்தத் துளை வழியாக வெளியேறுவதே காரணம். இருபது முதல் முப்பது சென்ரிமீற்றர் தூரத்தில் தொடங்கி, விரற்கடையளவு நகர்த்தி நகர்த்திக் கேட்டுத் தீர்மானியுங்கள்.

ஃபோக் ரொக் பாடல்களின் அடையாளமான மினுமினுப்பு பன்னிரண்டு கம்பிக் கிற்றாரில் பிறப்பது. அது உங்களிடம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. பன்னிரண்டு கம்பிக் கிற்றாரில் தடித்த நான்கு கம்பிகளுக்கும் ஒரு ஸ்தாயி மேலான மெல்லிய துணைக்கம்பி இருக்கும். மற்ற இரண்டுக்கும் அதே சுருதியில் இணைக்கம்பி. ஆகவே முதலில் வழமையான கம்பிகளில் முழுப் பாடலையும் பதிந்து, பிறகு தடித்த நான்கையும் கழற்றி, பன்னிரண்டு கம்பித் தொகுதியின் மெல்லிய கம்பிகளைப் பூட்டி ஸ்தாயி மேலே சுருதி கூட்டி, அதே வாசிப்பை மறுபடி பதியுங்கள். ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் தள்ளினால் அறையே அகலும். ஒரே டேக்கை நகலெடுத்து இருபுறமும் வைப்பது இதற்கு ஈடாகாது. இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் காது அதை நடுவில் ஒலிக்கும் ஒரே கிற்றாராகவே கேட்கும்.

8. பேஸும் கைத்தாளமும்

பேஸை இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் நேரடியாகச் செருகுங்கள். கோர்ட்டின் மூலச்சுரத்தை ஒன்றிலும் மூன்றிலும் வாசித்தாலே பாடல் நிமிர்ந்துவிடும். தம்பூரின் என்னும் சலங்கை வளையத்தை இரண்டாம், நான்காம் அடிகளில் தட்டுங்கள். அதன் கூர்மையான உச்சம் மீட்டரை மீறும் என்பதால் மைக்கிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி நில்லுங்கள். ஷேக்கருக்குச் சிறிய போத்தலில் கால்வாசிக்குச் சம்பா அரிசி போதும். பருப்பையும் போட்டுப் பார்த்தேன், ஒலி தடிப்பாகி அடிகள் மழுங்கின.

9. குரல்

மைக்குக்கும் வாய்க்கும் இடையே டைனமிக்கானால் நான்கு விரல், கண்டென்சரானால் ஒரு சாண். மிக நெருங்கினால் அடியொலி பெருகும். அடிக்கடி நெருங்கி விலகினால் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு ஆளின் குரலாகும். ஹெட்போனின் ஒரு காதைச் சற்று விலக்கிப் பாடினால் சுருதி நிலைக்கும். விலக்கிய பக்கத்தைத் தலையோடு அழுத்தி மூடிவையுங்கள், இல்லாவிட்டால் கிளிக் ஒலி மைக்கில் கசியும்.

பாடுமுன் வரிகளை உரையாகப் பேசிப் பாருங்கள். ஆங்கிலப் பாடலைப் பாடும் நம்மவர்கள் அமெரிக்க உச்சரிப்பைக் கடன் வாங்கப் போய், உணர்ச்சியைத் தொலைத்துவிடுகிறார்கள். உங்கள் உச்சரிப்பிலேயே பாடுங்கள். ஆனால் சொல்லின் இறுதி மெய்யை விழுங்காதீர்கள்.

வரி வரியாக நிறுத்திப் பதிவதை விட, முழுப் பாடலையும் நான்கு அல்லது ஐந்து முறை பாடிவிட்டு மிகச் சிறந்த வரிகளைத் தொகுப்பதே நல்லது. தனி வரியாகப் பாடும்போது ஒவ்வொன்றும் தொடக்க உற்சாகத்தோடு வரும், பாடல் வளராது.

10. துணைக்குரல்

முதன்மைக் குரல் தொகுக்கப்பட்ட பிறகே இதைப் பதிய வேண்டும், ஏனெனில் துணைக்குரல் பின்தொடர வேண்டியது இறுதி வடிவத்தை. பெரும்பாலான வரிகளில் மூன்றாம் சுரம் மேலே சென்றால் பொருந்தும். பொருந்தாத இடத்தில் கோர்ட்டின் சுரமொன்றில் நின்றுகொள்ளுங்கள். வரி எங்கே தொடங்குகிறது என்பதை விட எங்கே முடிகிறது என்பதைக் கவனியுங்கள். இருவரும் இறுதி ‘ஸ்’ ஒலியை வெவ்வேறு கணத்தில் உச்சரித்தால் பாம்பு சீறியதுபோல் இருக்கும். துணைக்குரல்காரர் அந்த ‘ஸ்’ஸை முற்றாக விட்டுவிடுவதே எளிய தீர்வு.

11. மிக்சிங்

வழிகாட்டி ட்ராக்கை மௌனமாக்குங்கள். எந்த எஃபெக்டும் போடாமல், ஒலியளவை மட்டும் அசைத்து, மொனோவில் சமநிலை காணுங்கள். குரல், கிற்றார், பேஸ், மற்றவை என்ற வரிசையில் ஏற்றுங்கள். அதன் பிறகே குரலிலும் கிற்றாரிலும் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுங்கள். கலங்கலாக இருந்தால் 200 முதல் 300 ஹேர்ட்ஸ் பகுதியைச் சற்றுத் தாழ்த்துங்கள். குரலுக்கு 3:1 விகிதக் கொம்பிரசர் (உரத்த இடங்களை அடக்கும் கருவி), உச்சத்தில் நான்கைந்து டெசிபெல் இறங்கினால் போதும். ரிவர்பை (கூடத்தின் எதிரொலியைச் சேர்க்கும் எஃபெக்டை) ஒரே தனி ட்ராக்கில் வைத்து எல்லாவற்றையும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால், எல்லோரும் ஒரே கூடத்தில் இருப்பதுபோல் தோன்றும்.

மூலப் பாடலோடு ஒப்பிடும்போது அதன் ஒலியளவை உங்கள் மிக்சின் அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். சத்தம் கூடியது எப்போதும் சிறந்ததாகவே கேட்கும். நள்ளிரவில் முடித்த மிக்சை அன்றே எவருக்கும் அனுப்பாதீர்கள். மறுநாள் காலை, கைத்தொலைபேசி ஸ்பீக்கரில், தேநீர் போட்டுக்கொண்டே கேளுங்கள். சொற்கள் புரியவில்லையென்றால் குரலை ஒரு டெசிபெல் ஏற்றுங்கள்.

12. வெளியிடுதலும் உரிமையும்

24 பிட் வேவ் கோப்பாக, கழித்தல் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) அளவில், உச்சம் கழித்தல் 1 டெசிபெலைத் தாண்டாமல் எடுங்கள். எம்.பி.3 கோப்பைப் பதிவேற்றினால் தளம் அதை மறுபடி சுருக்கித் தரத்தைக் குறைக்கும்.

பாடலை எழுதியவரின் உரிமை உங்கள் பதிவாலோ பாடலின் பழமையாலோ மறைந்துவிடுவதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களில் வெளியிடுவதானால், கவர் பாடலுக்கான உரிமத்தைப் பெற்றுத் தரும் விநியோகச் சேவையைத் தெரிவு செய்யுங்கள். யூடியூப்பில் உரிமைகோரல் அறிவித்தல் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குச் செல்லும், காணொளி இருக்கும்.

வரிகளைத் தமிழாக்கிப் பாட விரும்புபவர்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு சாதாரணக் கவர் உரிமத்துக்குள் அடங்காது. பதிப்பாளரின் தனியான எழுத்துமூல அனுமதி வேண்டும், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே தமிழ் வடிவம் உங்கள் எண்ணத்தில் இருந்தால், அந்தக் கடிதத்தை இரண்டாம் படியில் கேப்போவைக் கையில் எடுக்கும் நாளிலேயே அனுப்பிவிடுங்கள்.